உறைந்த மண்ணின்மேல் கட்டுவதில் என்ன சிரமம்?

கேள்வி இதுதான்: ஆர்க்டிக் பகுதிகளில் மண் வருடம் முழுக்க உறைந்து பாறைபோல் கெட்டியாகக் கிடக்கிறது. அப்படியானால் பாறைமேல் கட்டுவதுபோல் அதன்மேல் கட்டிவிடலாமே? வீடுகளை ஏன் தூண்களின்மேல் தூக்கி நிறுத்துகிறார்கள்? குழாய்களை ஏன் மண்ணுக்குள் புதைக்காமல் வெளியே விடுகிறார்கள்?

உறைந்திருக்கும் வரைக்கும் அது பாறைதான். ஆனால் மனிதன் போய்க் குடியேறும் இடமெல்லாம் சூட்டைக் கொண்டுபோகிறான். அடுப்பு, வெந்நீர், கழிவுநீர், கருப்புத் தார்ச்சாலை, சூடான எண்ணெய் எல்லாமே கீழே இருக்கும் மண்ணை இளக்கும். குளிரில் உடம்பைக் காப்பாற்ற கம்பளியும் எரிபொருளும் போதும். மண்ணை நம் சூட்டிலிருந்து காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. அங்கே நடக்கும் பொறியியலில் பெரும்பகுதி, மண்ணைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கும் வேலை.

முதலில் அந்த மண்ணைப் பற்றி. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத நிலத்தைப் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். தமிழில் உறைமண் என்று சொல்லலாம். இந்த வரையறை வெப்பநிலையை மட்டும்தான் பார்க்கிறது, பனிக்கட்டி இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஈரமில்லாத பாறையும் இந்தக் கணக்கில் வரும், அது இளகினால் ஒன்றும் ஆகாது. ஆபத்து பனிக்கட்டி மிகுந்த வண்டல் மண்ணில்தான். சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் சில இடங்களில் கன அளவில் பாதிக்கு மேல் வெறும் பனிக்கட்டியாகவே இருக்கும். அந்தப் பனிக்கட்டி உருகினால் மண் வெறுமனே ஈரமாவதோடு நிற்காது, அதன் உயரமே குறைந்துவிடும். பல மீட்டர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் இறங்கியிருக்கும் பனிக்கட்டி உருகினால், அது இருந்த இடத்தில் பள்ளமும் குட்டையும்தான் மிஞ்சும்.

வடக்கே போகப்போக உறைமண் இடைவெளி இல்லாமல் பரவிக் கிடக்கும். நிலப்பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் உறைமண்ணாக இருந்தால் அது தொடர்ச்சியான மண்டலம். தெற்கே வர வர அது துண்டுதுண்டாகும். வடக்கு பார்த்த சரிவில் இருக்கும், எதிர்ச் சரிவில் இருக்காது. கட்டுகிறவர்களுக்கு இந்தத் துண்டு மண்டலம்தான் அதிகத் தொல்லை. மண் மைனஸ் 1 டிகிரியிலோ அதற்கும் மேலோ நின்றுகொண்டிருக்கும். சின்னத் தவறு நடந்தாலும் இளகிவிடும். ஒரே கட்டடத்தின் ஒரு மூலை உறைமண்மேலும் மறுமூலை சாதாரண மண்மேலும் உட்காரும் நிலையும் அங்கே வரும்.

ஆழத்துக்கு ஓர் உதாரணம் சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரம். ஷெர்கின் என்ற வணிகர் அங்கே 1828-ல் கிணறு தோண்டத் தொடங்கினார். சுமார் பத்து ஆண்டுகளில் 116 மீட்டர் வரை போயும் தண்ணீர் இல்லை, உறைந்த மண் முடியவும் இல்லை. உறைமண்ணின் வெப்பநிலையை முறையாக அளந்த முதல் அளவீடுகளில் சில 1840-களில் அந்தக் கிணற்றுக்குள் எடுக்கப்பட்டவைதான். வட சைபீரியாவில் சில இடங்களில் உறைமண்ணின் தடிமன் 1,500 மீட்டரை எட்டுகிறது.

இந்த உறைமண்ணின் மேல் ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. அது கோடையில் இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை இருக்கலாம். கீழே உறைமண் இருப்பதால் கோடையில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் இந்த அடுக்கு சேறாக நிற்கும். குளிர் வந்ததும் மேலிருந்து உறையத் தொடங்கும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மண் உப்பி எழுவதற்கு அது முக்கியக் காரணம் இல்லை. நுண்துகள் கொண்ட வண்டல், உறையும் முகப்பை நோக்கிக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது படலம் படலமாகப் பனிக்கட்டியாகி மேல்மண்ணைத் தூக்கும். சரளையில் இந்த உறிஞ்சல் இல்லை. களிமண்ணில் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். இரண்டுக்கும் இடைப்பட்ட வண்டல்தான் மோசம். ஆகவே இந்த நிலங்களில் சாலையோ கட்டடமோ போடுகிறவர் முதலில் தேடுவது சரளை.

ஒரு வீட்டை நேராகத் தரைமேல் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தளத்தின் வழியே சதுர மீட்டருக்கு 10 வாட் சூடு கீழே கசிகிறது என்று வையுங்கள். இது நன்றாகக் காப்பிட்ட தளத்துக்கே நடக்கக்கூடியது. ஓர் ஆண்டுக்கு அது ஏறத்தாழ 315 மெகாஜூல். ஒரு கன மீட்டர் மண்ணில் 400 கிலோ பனிக்கட்டி இருந்தால் அதை உருக்க சுமார் 134 மெகாஜூல் போதும். அந்தச் சூடு முழுவதும் உருக்கவே செலவானால் ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இளகும். உண்மையில் சூட்டில் ஒரு பங்கு பக்கவாட்டிலும் ஆழத்திலும் போய்விடும் என்பதால் வேகம் குறைவு. ஆனாலும் சில ஆண்டுகளில் வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே கிண்ணம்போல் ஒரு குழி உருவாகிவிடும். நடுவில் சூடு அதிகம், ஓரங்களில் குறைவு. ஆகவே வீடு சமமாக இறங்காமல் நடுவில் தொய்ந்து சுவர்கள் விரிசல் விடும்.

இதற்கான பழைய, இன்றும் மலிவான தீர்வுதான் தூண். கட்டடத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூக்கி, கீழே காற்று புகுந்து போக இடம் விடுவது. குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரிக் காற்று அந்த இடைவெளியில் ஓடி, வீடு கசிய விடும் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கோடையில் அதே இடைவெளி நிழலாகிறது. இரண்டும் சேர்ந்து, வீடு கட்டாத வெட்டவெளியைவிட வீட்டின் அடிமண்ணைக் குளிர்ச்சியாக்கிவிடக்கூட வாய்ப்பு உண்டு. யாகூட்ஸ்க்கின் அடுக்குமாடிக் கட்டடங்கள் இப்படித்தான் நிற்கின்றன.

தூணை இறக்கும் முறையில்தான் நுணுக்கம் இருக்கிறது. மண் மிகக் குளிர்ந்திருக்கும் குளிர்காலக் கடைசியில் துளை போடுவார்கள். துளை, தூணைவிடச் சில சென்டிமீட்டர் அகலமாக இருக்கும். தூணை உள்ளே இறக்கி, சுற்றியுள்ள இடுக்கில் மணலும் தண்ணீரும் கலந்த கூழை ஊற்றுவார்கள். கூழ் உறைந்தால்தான் தூண் மண்ணைப் பிடிக்கும். தூணின் அடியைவிட, அதன் பக்கச் சுவரில் ஒட்டும் இந்த உறைப்பிடிதான் பெரும்பாலும் சுமையைத் தாங்குகிறது. ஆகவே கூழ் முழுதாக உறைந்து, சுற்றுமண் பழைய வெப்பநிலைக்குத் திரும்பும்வரை சுமை ஏற்றக்கூடாது. குளிர்ந்த மண்ணில் இது சில வாரம். மைனஸ் 1 டிகிரி மண்ணில் சில மாதம் ஆகலாம். கூழைச் சூடாக ஊற்றுவது, துளைகளை நெருக்கமாக ஒரே நாளில் போட்டு எல்லாவற்றிலும் ஊற்றுவது, உப்பு கலந்த கடலோர மண்ணைச் சாதாரண மண்ணாக நினைப்பது ஆகியவைதான் வழக்கமாக நடக்கும் தவறுகள். உப்பு மண்ணில் மைனஸ் 2 டிகிரியிலும் உறையாத தண்ணீர் மிச்சம் இருக்கும், பிடி பாதியாகிவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. மேலே உள்ள இளகி உறையும் அடுக்கு, குளிர்காலத்தில் உப்பும்போது தூணையும் கூடவே மேலே இழுக்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், சில சென்டிமீட்டர் என்று தூண் முளைத்துக்கொண்டே வரும். இதைத் தடுக்க, தூணின் மேற்பகுதியில் அந்த அடுக்கின் ஆழத்துக்குக் கிரீஸ் தடவி உறை போட்டு மண் ஒட்டாமல் செய்வார்கள். அதற்குக் கீழே உறைமண்ணில் தூண் இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்கு இறங்கியிருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். மரப்பாலங்களின் தூண்கள் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நிற்கும் படங்களைப் பார்த்திருந்தால், அவை பெரும்பாலும் போதிய ஆழம் இறக்காதவை.

கட்டி முடித்த பிறகு கெடுப்பவை மிகச் சாதாரணமானவை. குளிர்காற்று வருகிறது என்று குடியிருப்பவர்கள் அந்த இடைவெளியைப் பலகை வைத்து மூடுவது. அங்கே பழைய சாமான்களை அடுக்குவது. வழியைச் சுத்தம் செய்யும்போது பனியை வீட்டோரமாகக் குவிப்பது. பனி நல்ல போர்வை, அது மண்ணின் சூட்டை வெளியே விடாது. குளிர்காலத்தில் மண் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவுதான் அடுத்த கோடையைத் தாங்கும். அந்தக் குளிர் வரவை இந்தப் போர்வை தடுத்துவிடும். எல்லாவற்றையும்விட மோசமானது வெந்நீர்க் குழாய், கழிவுக் குழாய்க் கசிவு. ஓடும் தண்ணீர் கொண்டுபோகும் சூடு, தளத்தின் வழியே கசியும் சூட்டைவிடப் பலமடங்கு அதிகம். உறைமண் நகரங்களில் கட்டடங்கள் கெட்ட கதைகளைத் தோண்டிப் பார்த்தால், பருவநிலைக்குப் பக்கத்திலேயே ஒழுகும் குழாயும் நிற்கும்.

தூக்கிக் கட்ட முடியாதவையும் உண்டு: கனரக வண்டி நிற்கும் கொட்டகை, எண்ணெய்த் தொட்டி, விமான ஓடுபாதை போன்றவை. அங்கே தெர்மோசைஃபன் வருகிறது. இது இருபுறமும் மூடிய ஓர் இரும்புக் குழாய்தான். உள்ளே அழுத்தத்தில் கரியமில வாயுவோ அம்மோனியாவோ இருக்கும். கீழ்முனை மண்ணுக்குள், மேல்முனை வெளியே. மேலே விசிறிபோல் உலோகத் தகடுகள். வெளிக்காற்று மண்ணைவிடக் குளிர்ந்தால், கீழே தேங்கிய திரவம் மண்ணின் சூட்டில் ஆவியாகி மேலே போகும். அங்கே குளிர்ந்து திரவமாகி, சுவர்வழியே கீழே வழியும். காற்று மண்ணைவிடச் சூடானால் மேலே ஆவி குளிராது, சுழற்சி தானே நின்றுவிடும். கோடைச் சூட்டைக் கீழே இறக்காது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, வால்வும் இல்லை. ஒருவழிக் கதவு மாதிரி சூட்டை வெளியே மட்டும் விடும் இந்த எளிமையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

அது கெடும் விதமும் எளிமைதான். வாயு கசிந்துவிடலாம். அல்லது குழாய்க்குள் ஹைட்ரஜன் போன்ற குளிர்ந்தாலும் திரவமாகாத வாயு உருவாகி, மேல்முனையில் தேங்கித் தகடுகளை வேலை செய்யவிடாமல் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆகவே கடுங்குளிரில் அகச்சிவப்புக் கேமராவை எடுத்துக்கொண்டு வரிசையாகப் படம் பிடிப்பார்கள். வேலை செய்யும் குழாயின் தகடுகள் சுற்றுக்காற்றைவிடச் சற்றே சூடாகத் தெரியும். காற்றின் அதே குளிரில் இருப்பது செத்த குழாய்.

இதைப் பேரளவில் பயன்படுத்தியது அலாஸ்கா எண்ணெய்க் குழாய். 1977-ல் எண்ணெய் ஓடத் தொடங்கியது; வடகரையின் புருடோ விரிகுடாவிலிருந்து வால்டெஸ் துறைமுகம்வரை சுமார் 1,287 கிலோமீட்டர், குழாயின் விட்டம் 122 சென்டிமீட்டர். எண்ணெய் பூமிக்குள்ளிருந்து சூடாக வருகிறது, புதைத்திருந்தால் மண்ணை இளக்கியிருக்கும். ஆகவே பாதிக்கு மேல், சுமார் 676 கிலோமீட்டர், தரைக்கு மேலே 78,000 தாங்கிகளில் போகிறது. தாங்கிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அம்மோனியாக் குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. குழாய் நேர்கோடாகப் போகாமல் வளைந்து வளைந்து போவது, சூட்டில் நீளும்போதும் குளிரில் சுருங்கும்போதும் பக்கவாட்டில் நகர்ந்துகொள்வதற்கு. குறுக்குக் கட்டைமேல் வழுக்கும் காலணிபோன்ற தாங்கியில் உட்கார்ந்திருப்பதால் அது நகரும். 2002 நவம்பர் 3-ஆம் தேதி டெனாலி பிளவில் 7.9 அளவு நிலநடுக்கம் வந்து, குழாய் கடக்கும் இடத்தில் நிலம் சுமார் நான்கு மீட்டர் நகர்ந்தபோது, சில தாங்கிகள் சேதமாயின. குழாய் உடையவில்லை, எண்ணெய் சிந்தவில்லை.

சாலையில் பாடம் கசப்பாகக் கிடைத்தது. 1942-ல் போர்க்கால அவசரத்தில் அலாஸ்கா நெடுஞ்சாலையைப் போட்டபோது, உறைமண் பகுதியில் புல்டோசரால் பாசியையும் கரிமண்ணையும் வழித்துவிட்டு வெறும் மண்ணில் வண்டியை விட்டார்கள். மற்ற ஊர்களில் சரியான முறை அதுதான். இங்கே அந்தப் பாசிதான் காப்புப் போர்வை. வழித்ததும் வெயில் பட்டு, சாலை சேற்று வாய்க்காலானது. பிறகு பாசியைத் தொடாமல், மேலே மரக்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி அதன்மேல் மண் கொட்டினார்கள். இன்றைய முறை அதன் தொடர்ச்சிதான்: குளிர்காலத்தில், உறைந்த தரையை வெட்டாமல், ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, ஒன்றரை இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சரளை மேடு. 2017-ல் திறந்த கனடாவின் இனுவிக்–டுக்டோயாக்டுக் சாலை, சுமார் 138 கிலோமீட்டர், இப்படிப் போட்டதுதான்.

மேடு போட்டாலும் அதன் ஓரங்கள் தொல்லை தரும். காற்று பனியை அடித்துவந்து சரிவின் அடியில் சேர்க்கும். அங்கே மண் குளிராமல் போகும். கோடையில் அதே இடத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் வெயிலை உறிஞ்சும். சரிவின் அடி இளகி இறங்க, சாலையின் தோள்பட்டையில் நீளவாக்கில் விரிசல் விழும். நடுவில் பள்ளம் விழாமல் ஓரத்தில் நீள விரிசலைக் கண்டால், நிரப்புவதற்கு முன் தண்ணீரை வடிக்கவும் பனியை ஒதுக்கவும் வழி பார்க்க வேண்டும். வெறுமனே தார் ஊற்றி அடைத்தால் அடுத்த ஆண்டு மறுபடி திறக்கும்.

சீனாவின் சிங்காய்–திபெத் ரயில் பாதை, கோல்முடிலிருந்து லாசா வரையிலான பகுதி, 2006 ஜூலை 1-ல் திறந்தது. அதில் சுமார் 550 கிலோமீட்டர் உறைமண், அதிலும் பெரும்பகுதி 0 டிகிரிக்கு மிக அருகில். அங்கே மேட்டின் அடியில் மண்ணுக்குப் பதில் பெருஞ்சல்லியை அடுக்கினார்கள். குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று கல் இடுக்குகளில் இறங்கி, கீழே உள்ள சூடான காற்றை மேலே தள்ளும். கோடையில் சூடான காற்று மேலேயே நிற்கும், உள்ளே அசைவில்லாத காற்று காப்பாகிவிடும். சல்லி மேடும் போதாத இடங்களில் ஆறே இல்லாத தரைமேல் பாலம் கட்டினார்கள். சிங்சுய்ஹே பாலம் மட்டும் 11 கிலோமீட்டருக்கு மேல். நிழலும் காற்றும் கிடைத்தால் மண் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

குடிநீரும் கழிவும் தனிக் கதை. இனுவிக் நகரில் தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே காப்பிட்ட பெட்டிக்குள் தரைக்கு மேலே வீடுவீடாகப் போகின்றன. பல ஊர்களில் தண்ணீரை 4, 5 டிகிரிக்குச் சூடாக்கி வளையமாக ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள், நின்றால் உறைந்துவிடும். மின்தடை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பம்பைத்தான். குழாய் போட முடியாத சிற்றூர்களில் தண்ணீர் லாரி வீட்டுத் தொட்டியை நிரப்பிப் போகும்; இன்னொரு லாரி கழிவுத் தொட்டியைக் காலி செய்யும்.

குளிரையே கட்டுமானப் பொருளாக்குவது பனிக்கட்டிச் சாலை. கனடாவின் வடமேற்கில் வைரச் சுரங்கங்களுக்குப் போகும் வழி பெரும்பாலும் உறைந்த ஏரிகளின்மேல்தான். எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்குப் புழக்கத்தில் உள்ள சூத்திரம், பனிக்கட்டித் தடிமனின் வர்க்கத்தை ஒரு கெழுவால் பெருக்குவது (தடிமன் சென்டிமீட்டரில், சுமை கிலோவில்). எச்சரிக்கையான கெழு 4 என்று எடுத்தால், 50 சென்டிமீட்டருக்கு 10 டன், 100 சென்டிமீட்டருக்கு 40 டன். தடிமன் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு. இது தெளிந்த நீலப் பனிக்கட்டிக்கு. பனி கலந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டியைப் பாதித் தடிமனாகத்தான் எண்ண வேண்டும். விரிசலில் ஈரம் தெரிந்தால் கணக்கே செல்லாது.

வேகம்தான் புதியவர்களுக்குப் புரியாதது. லாரி போகும்போது பனிக்கட்டி சற்றே வளைந்து, கீழே தண்ணீரில் ஓர் அலை உருவாகும். ஆழம் குறைந்த ஏரியில் அலையின் வேகம், ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி எடுக்கும் வர்க்கமூலம். 5 மீட்டர் ஆழத்தில் அது வினாடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர்; 2 மீட்டர் ஆழத்தில் 16. லாரியும் அதே வேகத்தில் போனால் அலை வளர்ந்து பனிக்கட்டியை உடைக்கும். கரைக்கு அருகே ஆழம் குறைய, லாரியின் வேகத்தையும் குறைக்கச் சொல்வது இதனால்தான். வண்டிகளுக்கு இடையே இடைவெளி கேட்பதும் இதே காரணத்துக்காக.

துந்திரா எனப்படும் மரமில்லாத பாசி நிலத்தின் மேல் வண்டி ஓட்டவும் இதேபோல் அளவு உண்டு. அலாஸ்காவின் வடசரிவில் மாநில அரசு கனரக வண்டிகளைத் திறந்துவிடும் முன், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் மைனஸ் 5 டிகிரிக்குப் போயிருக்கிறதா, கரையோரத்தில் 15 சென்டிமீட்டர் பனி படிந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கிறது. கோடையில் ஒருமுறை ஓடிய சக்கரத் தடம் பாசியைக் கிழித்துவிட்டால், அது பல பத்தாண்டுகள் மறையாது.

அண்டார்டிக்காவில் கேள்வியே வேறு. அங்கே பெரும்பாலான இடங்களில் கீழே மண்ணில்லை, நகரும் பனிக்கட்டி; மேலே ஆண்டுதோறும் பனி சேரும். இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி, கடல்மேல் மிதக்கும் பனிக்கட்டித் திட்டின்மேல் நின்றது. பனியில் புதைந்துபோக, அடுத்த நிலையமான மைத்ரி பாறைமேல் கட்டப்பட்டது. பிரிட்டனின் ஹாலி நிலையம் வேறு வழியில் போனது: கால்களுக்குத் திரவ அழுத்தத்தால் இயங்கும் தூக்கி, அடியில் சறுக்குக் கட்டை. பனி ஏறினால் கால்களை உயர்த்தலாம். திட்டில் விரிசல் நெருங்கியபோது, 2016–17 கோடையில் மொத்த நிலையத்தையும் 23 கிலோமீட்டர் இழுத்துப் போய் நிறுத்தினார்கள்.

வெப்பமயமாதல் இந்த எல்லாக் கணக்கையும் இப்போது அசைக்கிறது. மைனஸ் 3 டிகிரி மண்ணை நம்பி இறக்கிய தூணுக்கு மைனஸ் 1 டிகிரியில் உறைப்பிடி வெகுவாகக் குறையும். மண் இளகவே வேண்டியதில்லை, சூடாவதே போதும். 2020 மே மாதம் ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரருகே ஓர் எரிபொருள் தொட்டி நிலைகுலைந்து சுமார் 20,000 டன் டீசல் வெளியேறியபோது, காரணம் இளகிய மண்ணா கட்டுமானக் குறையா என்ற விவாதம் எழுந்தது. இரண்டையும் பிரிக்க உதவும் முக்கியச் சான்று, தூண்களுக்குப் பக்கத்தில் பல ஆண்டுகளாக எடுத்த மண் வெப்பநிலைப் பதிவுதான்.

ஆகவே புதிதாகக் கட்டும் எந்த இடத்திலும் செலவு குறைந்த, முதலில் செய்ய வேண்டிய காரியம், 10 மீட்டர் 15 மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, மீட்டருக்கு ஒன்றாக வெப்ப உணரிகள் கோத்த கம்பியை இறக்கி வைப்பது. ஓர் ஆண்டாவது படித்த பிறகுதான் தூணின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும், அதுவும் இன்றைய வெப்பநிலைக்கு இல்லாமல், கட்டடத்தின் ஆயுள் முடியும் காலத்தில் எதிர்பார்க்கும் வெப்பநிலைக்கு. சிறிய வீடுகளுக்குத் தூணின் தலையில் திருகு ஜாக்கி வைத்துவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை, கோடைக் கடைசியில், மட்டம் பார்த்துத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். எந்த மூலையை எத்தனை மில்லிமீட்டர் உயர்த்தினோம் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். ஒரே மூலை மூன்று ஆண்டு தொடர்ந்து இறங்கினால், அந்த மூலைக்கு மேலே இருக்கும் குழாயைத் திறந்து பாருங்கள்.